ஸ்கூட்டருக்குப் போட்ட சூட்டுக் கைப்பிடி

என் வேலை ரத்தம் எடுப்பது. இலுப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கிளையில் இருக்கிறேன். சோதனை செய்கிற இயந்திரங்கள் எல்லாம் புதுக்கோட்டையில். இங்கே எடுப்பது மட்டும்தான். சுற்றியுள்ள ஊர்களில் நடக்க முடியாதவர்கள், பஸ் ஏறி வர நேரமில்லாதவர்கள், சர்க்கரைக்கு மாதாமாதம் பார்க்கிறவர்கள் எல்லாம் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுவார்கள். விடிகாலையில் ஸ்கூட்டரில் அவர்கள் வீட்டுக்கே போய் எடுத்து, குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்து, புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வெறும் வயிற்றில் எடுக்கிற ரத்தம் என்பதால் நேரம் தள்ளக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலைக் காப்பி தள்ளிப்போனால் கோபம் வரும். நான் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே சிலர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வேலைக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். ரத்தக்குழாய் என்பதுதான் சரியான சொல். ஆனால் ஊரில் எல்லோருக்கும் அது நரம்பு, எனக்கும் அப்படியே பழகிவிட்டது. மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு முழங்கை மடிப்பில் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்ப்பேன். நரம்பு இருக்கிற இடம் மெத்தென்று அமுங்கித் திரும்ப எழும்பும். கண்ணுக்குத் தெரியாத நரம்புகூட விரலுக்குத் தெரிந்துவிடும். கையுறை போட்டிருந்தாலும் தெரியும்.

அது தெரியாமல் போக ஆரம்பித்தது ஒரு கார்த்திகை மாதத்தில். கண்மாய்க் கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் நடு மூன்று விரல்கள் மரத்துப்போனது போல் இருந்தது. குளிரில் எல்லோருக்கும் வருவதுதானே என்று நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அந்த விரல்கள் சாக்பீஸ் மாதிரி வெளுத்துக் கிடந்தன. வெளுப்புக்கும் தோல் நிறத்துக்கும் நடுவே கோடு போட்டது போல் எல்லை தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து நீலம் பாய்ந்தது. அப்புறம் சிவந்து, ஊசி குத்துவது போல் சுருக் சுருக்கென்று வலித்துவிட்டுச் சரியானது.

மார்கழி வந்ததும் தினமும் இதே கதை. கம்பளிக் கையுறை வாங்கிப் போட்டேன். உள்ளே சூடு இருந்தால்தானே கையுறை அதைக் காப்பாற்றும். என் விரலில் சூடே இல்லை. போகிற வீட்டில் எல்லாம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்பேன். குடிக்க இல்லை, பிடித்துக்கொள்ள. சிலர் மரியாதைக்குக் காப்பியாகவே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ரத்தம் கொடுக்க வேண்டியவர் எச்சில் விழுங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்க, நான் அவர் முன்னால் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்பேன். சங்கடமாக இருக்கும்.

தைலமரக் காட்டை ஒட்டி ஒரு வீட்டில் எனக்கு வாடிக்கையான அக்கா ஒருவர் இருக்கிறார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கடலை விவசாயம். கனத்த உடம்பு, வெயிலில் காய்ந்த கை, நரம்பு எங்கே என்று தேடித்தான் எடுக்க வேண்டும். அந்த மார்கழியில் ஒருநாள் அவர் கையில் குத்தினேன், வரவில்லை. அடுத்த கையில் குத்தினேன், வரவில்லை. ஊசியை எடுத்துவிட்டுத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். கட்டையால் தொடுவது போல் இருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அவர் வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. என் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"என்னடி பாப்பா இது, பொணத்தத் தொட்ட மாதிரி இருக்கு?"

"குளிர்ல இப்படி ஆயிருதுக்கா."

"எங்களுக்கும்தான் குளிருது. இப்படியா வெளுத்துப்போகும்? எனக்கு ரத்தம் அப்புறம் எடுக்கலாம். மொதல்ல ஒன் ரத்தத்த எடுத்துப் பாரு."

அடுப்படிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அடுப்புச் சூட்டில் விரல் பழைய நிறத்துக்கு வந்த பிறகு எடுத்தேன். அன்றைக்கு பஸ்ஸை ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

விஷயம் கிளையைப் பார்த்துக்கொள்கிறவர் காதுக்குப் போனது. அவர் கோபப்படவில்லை. "குளிர் முடியிற வரைக்கும் உள்ள ஒக்காந்து பில் போடுங்க. வெளிய போறதுக்கு வேற ஆள் பாக்குறேன்" என்றார்.

என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். அவருக்கு இலுப்பூர் கடைவீதியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. கிணற்று மோட்டார், ஆழ்குழாய் மோட்டார் எல்லாம் எரிந்துபோனால் அவரிடம் வரும். அதிகம் பேச மாட்டார். பேசினால் முடிவாகத்தான் பேசுவார்.

"நல்லதாப் போச்சு. விடிஞ்சும் விடியாம ரோட்டுல போறது எனக்கு என்னைக்குமே புடிக்கல. உள்ள ஒக்காந்து பாரு."

"உள்ள ஏசிங்க. அது இதவிடக் குளிரு."

"அப்ப வேலைய விட்டுரு."

எனக்கு அந்தக் காலை நேரம் பிடிக்கும். ரோட்டில் மயில் குறுக்கே போகும். வாசல் தெளிக்கிறவர்கள் வாளியை நிறுத்திவிட்டு, இன்றைக்கு யார் வீட்டுக்கு என்று கேட்பார்கள். யார் வீட்டில் யாருக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு பில் போடுவதை நினைத்தாலே சோர்வாக இருந்தது.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். குளிர் பட்டதும் விரலில் இருக்கிற சின்ன ரத்தக்குழாய்கள் தேவைக்கு மேல் சுருங்கிவிடுகின்றனவாம்.

"பனி விழுற நாட்டுக்காரங்களுக்குத்தான் அதிகமா வரும். நீங்க புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்திருக்கீங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சில பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். மூட்டு வாதம் மாதிரி வேறு நோய்க்கு இது முன்னறிகுறியாகவும் இருக்கலாமாம்.

எத்தனையோ பேர் கையில் குத்தியிருக்கிறேன். என் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூட வேலை பார்க்கிற பெண்தான் எடுத்தாள். "அக்கா, கைய லூசா விடுங்க" என்று நான் எல்லோரிடமும் சொல்வதையே என்னிடம் சொன்னாள். முடிவு வருகிற வரைக்கும் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நல்லவேளையாக எல்லாம் சரியாக இருந்தது. வேறு நோய் எதுவும் இல்லை. கையைச் சூடாக வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

அந்த வருடக் குளிரை பில் போட்டே கழித்தேன். மாசியில் வெயில் ஏறியதும் மறுபடி வண்டி எடுத்தேன். கோடை முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த ஐப்பசி மழை முடிந்து காற்று மாறியபோதுதான் பயம் வந்தது.

அந்தச் சமயத்தில் என் தம்பி லீவில் வருவதாக இருந்தது. அவன் போலந்தில் ஒரு பார்சல் கம்பெனியில் இருக்கிறான். போனில் பேசும்போது என் விரல் கதையைச் சொன்னேன்.

"இதுக்கா இவ்வளவு யோசிக்கிற? இங்க பைக்குக்கெல்லாம் ஹேண்டில்பார்லயே ஹீட்டர் இருக்குக்கா. கைப்பிடியே சூடாகும். நான் வரும்போது வாங்கிட்டு வாரேன்."

"இலுப்பூர்ல வண்டிக்கு ஹீட்டரா? ஊரே சிரிக்கும்டா."

"சிரிச்சா சிரிக்கட்டும். கை யாருக்கு வெளுக்குது?"

சாக்லேட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே ஒரு சின்ன அட்டைப் பெட்டியாக அது வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் சாதாரண ரப்பர் கைப்பிடி இரண்டு. ஆளுக்கொரு ஒயர் வால் மாதிரித் தொங்கியது. கூடவே ஒரு சுவிட்ச்: மேலே தள்ளினால் அதிகச் சூடு, கீழே தள்ளினால் குறைந்த சூடு, நடுவில் நின்றால் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள காயில்தான் வெச்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான்.

முதலில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.

"ஏன்க்கா, மாடல் மாத்தி வாங்கிட்டு வந்துட்டாரா தம்பி? கூல் பண்றது எதுவும் இல்லயா?"

விவரம் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆனாலும் கை வைக்கவில்லை. "வண்டி ஒயரிங்க வெட்டினா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான் கேப்பீங்க. கண்ணாடி மாத்தணும், சீட் மாத்தணும்னா சொல்லுங்க. இது வேணாம்க்கா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தம்பிக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை நானே போடுறேன். வீடியோ பாத்து வெச்சிருக்கேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் வாசலில் வேப்பமரத்து நிழலில் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தினான். வீட்டுக்காரர் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பேப்பர் பக்கம் புரளவே இல்லை.

தம்பி முதல் வேலையாகப் பிளேடை எடுத்து இடது கைப்பிடியை நீளமாகக் கீறினான்.

"மாப்ள, எதுக்கு வெட்டுற? சோப்புத் தண்ணி விட்டு உருவினா வந்துரும்ல?"

"புதுசு போடப் போறோம் மச்சான். பழசு எதுக்கு?"

"புதுசு சரியில்லன்னா எதப் புடிச்சு ஓட்டுவா ஒங்கக்கா?"

அதற்குள் அது தோலுரித்த பலாக்கொட்டை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இடது பக்கம் வெறும் இரும்புக் கம்பி, அதில் புதுக் கைப்பிடி சுலபமாக ஏறியது. வலது பக்கம்தான் வேலை வைத்தது. அங்கே கம்பிக்கு மேல் ஆக்சிலேட்டரைத் திருப்புகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கிறது. அதன்மேல் வரிவரியாக மேடு. புதுக் கைப்பிடி பாதி ஏறி நின்றுகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

தம்பி அடுப்படிக்குப் போய்த் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தான். வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எண்ணெய் விட்டா அது என்னைக்கும் காயாது. கைப்பிடி தனியா சுத்தும், ஆக்சிலேட்டர் தனியா நிக்கும். இங்கிட்டு வா."

இருவரும் சேர்ந்து முறுக்கி அதை வெளியே எடுத்தார்கள். பிளாஸ்டிக் மேடுகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கினார்கள். ஒருவர் தேய்க்க, ஒருவர் போட்டுப் பார்க்க, மறுபடி தேய்க்க என்று மதியம் வரைக்கும் அதுவே ஓடியது. நான் அவ்வப்போது மோர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. தம்பி வெளிநாடு போனதில் அவருக்கு உடன்பாடு கிடையாது. கூடவே வைத்துக்கொண்டு கடையை விரிவாக்கலாம் என்று ஆசைப்பட்டவர். அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அன்றைக்கு உப்புத்தாளைக் கொடு, இல்லை இப்படிப் பிடி என்று பேசிக்கொண்டே இருந்தார்கள்.

வலது கைப்பிடி ஏறியதும் தம்பி ஒயரை இழுத்துக் கட்டி அழகாக முடிந்துவிட்டான். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து லேசாக முறுக்கினான். விட்ட பிறகும் ஆக்சிலேட்டர் திரும்பி வரவில்லை. இழுத்துக் கட்டிய ஒயர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் அந்தரத்தில் கிறுகிறுவென்று சுற்ற, வண்டி ஸ்டாண்டோடு அதிர்ந்து முன்னால் நகர்ந்தது. வீட்டுக்காரர் எட்டிச் சாவியை அணைத்தார்.

தம்பியின் முகம் வெளிறிவிட்டது. நானும் உறைந்துபோய் நின்றேன்; ரோட்டில், எதிரே லாரி வரும்போது இது நடந்திருந்தால் என்று மனசு ஓடியது.

"முழுசாத் திருப்பினாலும் இழுக்காத மாதிரி ஒயருக்கு எடம் விடணும்" என்று மட்டும் சொன்னார் அவர். குரலில் கடுமை இல்லை. முடிச்சை அவிழ்த்து, ஒயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டுக் கட்டினார். இடது வலது கடைசி வரைக்கும் ஹேண்டில்பாரை ஒடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டர் டக்கென்று திரும்பியது. அதன்பிறகு கரண்டு எங்கே எடுப்பது என்பதில் அவர் சொன்னபடிதான் நடந்தது. பேட்டரியிலிருந்து தனியாக ஒரு ஃபியூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் சூடாகிற மாதிரி இணைத்தார்கள்.

மறுநாள் விடிகாலையில் கிளம்பும்போது சுவிட்சைக் கீழே தள்ளினேன். பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் உள்ளங்கையில் வெதுவெதுப்பு வந்தது. கண்மாய்க் கரையில் அது சூடானது. அடுத்த ஊர் போவதற்குள் தோசைக்கல்லைப் பிடித்தது போல் ஆகிவிட்டது. பனி விழுகிற ஊருக்காகச் செய்தது. அங்கே குறைந்த சூடு என்பது இங்கே அதிகச் சூடு. அணைத்தேன், ஆறியது, போட்டேன், கொதித்தது. ஆனால் விரல் வெளுக்கவில்லை. முதல் வீட்டில் வெந்நீர் கேட்காமல் உட்கார்ந்து நரம்பை அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று எழும்பியது. அங்கே எதையும் காட்டிக்கொள்ளாமல் பஞ்சை எடுத்துத் துடைத்தேன்.

அந்தச் சந்தோஷம் சில நாள்தான். ஒரு வெள்ளிக்கிழமை அன்னவாசல் பக்கம் கடைசி வீட்டை முடித்துவிட்டு வந்து செல்ஃபை அழுத்தினால் டிக் என்ற சத்தத்தோடு சரி. உதைத்துப் பார்த்தேன். புது வண்டிகளில் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் உதைத்தாலும் எடுக்காது போல. என் பாதை அப்படி: கொஞ்ச தூரம் ஓட்டம், நிறுத்தம், மறுபடி கொஞ்ச தூரம். ஸ்கூட்டர் பேட்டரி சின்னது. கைப்பிடி தின்கிற அளவுக்கு அதற்கு ஊட்ட முடியவில்லை.

பெட்டியில் எட்டுப் பத்து வீட்டு ரத்தம். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஸ்கூட்டரை அந்த வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. காற்றில் விரல் நுனி வெளுக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் வண்டியை மெதுவாக்கி, ஒரு கையால் என் கையைப் பிடித்து அவர் ஸ்வெட்டர் பையில் திணித்தார். அடுத்த கையையும் நானே அந்தப் பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஊருக்குள் நுழைகிற வரைக்கும் அப்படியே வந்தோம். பஸ் கிடைத்துவிட்டது.

இனி "வேலைய விட்டுரு" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பஸ் கிளம்பிய பிறகு டீக்கடையில் நிற்கும்போது வேறு கேட்டார்.

"சூடு எப்படி? பத்தலயா, கூடுதலா?"

"ரொம்பக் கூடுதல். அணைச்சு அணைச்சுத்தான் ஓட்டுறேன்."

"எவ்வளவு இருந்தாப் போதும்?"

யோசித்தேன். "குளிச்சுட்டு வந்து வெந்நி அண்டாவத் தொட்டா இருக்கும்ல, அவ்வளவு போதுங்க."

தலையாட்டிக்கொண்டு டீயைக் குடித்தார். அன்றைக்குச் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து தம்பியைக் கூப்பிட்டார். தம்பி காலையிலிருந்தே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க இந்தப் பிரச்சினையே இல்ல மச்சான்."

"அங்க வண்டி பெரிசு, பேட்டரி பெரிசு. இதுல தப்பு ஒண்ணுமில்ல மாப்ள. நமக்கு வேண்டியதவிட அதிகமாக் குடுக்குது, அதான். கோயில் திருவிழாவுல சீரியல் செட் கட்டுவாங்கள்ல? வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு. இருக்குற கரண்ட அத்தன பல்பும் பங்கு போட்டுக்கும். இப்ப ரெண்டு கைப்பிடியும் தனித்தனியா பேட்டரியில இழுக்குது. ஒண்ணு பின்னாடி ஒண்ணாப் போட்டா ஆளுக்குப் பாதி வோல்டேஜ். சூடு கால்வாசியாயிரும். பேட்டரிக்கும் பாரம் கொறஞ்சிரும்."

"கால்வாசி பத்துமா?"

"நமக்கு இருக்குற குளிரே கால்வாசிதான."

தம்பி முதலில் சிரிக்கவில்லை, பிறகு சிரித்தான். இருவரும் முன் பேனலைக் கழற்றி ஒயரை மாற்றினார்கள். பேட்டரியைக் கழற்றிக் கடையில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து மாட்டினார்கள். சூடு ஏறுகிறதா என்று இருவரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். ரொம்ப நேரம் ஆனது. "வருது மச்சான்" என்றான் தம்பி. அவர் இன்னும் கொஞ்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

நான் கேட்ட அளவுதான் இருந்தது. சூடு இருக்கிறது என்றே தெரியாது; ஆனால் விரல் விரலாகவே இருக்கும். வண்டி கிளம்பிய பிறகு போட வேண்டும், நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் அணைக்க வேண்டும் என்பதை மட்டும் பழகிக்கொண்டேன். கம்பளிக் கையுறையையும் விடவில்லை. இப்போது அதற்குள் காப்பாற்றச் சூடு இருந்தது. ஐஸ் பெட்டியில் கை வைக்கும்போது இன்றைக்கும் நுனி வெளுக்கும். வண்டியில் ஏறினால் தானாகத் தெளிந்துவிடும். பேட்டரி அந்தக் குளிர்காலம் முழுக்க மக்கர் பண்ணவில்லை.

தம்பி பொங்கல் கழித்துக் கிளம்பினான். கிளம்புகிற அன்று வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுவரை போய் ஏற்றிவிட்டார். என்ன பேசிக்கொண்டார்களோ, தெரியாது. இப்போது வாரத்தில் ஒருநாள் அவன் போன் செய்யும்போது என்னிடம் பேசிவிட்டு, "மச்சான்ட்ட குடு" என்கிறான். அங்கே இருக்கிற ஏதாவது ஒரு மோட்டாரைப் படம் எடுத்து அனுப்புகிறான். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்.

கடலை விவசாயம் செய்கிற அக்காவுக்குத் தையில் மறுபடி பரிசோதனை வந்தது. என் விரலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். "இது ஆளு கை" என்றார். அப்புறம்தான் தன் கையை நீட்டினார். முதல் குத்திலேயே வந்தது. குழாய் நிறைகிற வரைக்கும் அவர் தன் மருமகள் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திய பிறகும் கதை முடியவில்லை.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. பெட்ரோல் பங்க்கில் ஒருவர், வண்டியில் இட்லி வேகுமா என்று கேட்டார். மெக்கானிக் சர்வீசுக்கு வண்டி விட்டபோது பேனலைத் திறந்து ஒயரிங்கைப் பார்த்தார். "யாருக்கா கட்டினது? சுத்தமா இருக்கு" என்றார். இனி யாராவது கேட்டால் போட்டுக்கொடுப்பாரா என்றேன். "இலுப்பூர்ல ஒங்களத் தவிர யாருக்கா கேக்கப்போறா?" என்றார்.

ஆனால் ஒருவர் கேட்டார். மொபெட்டில் மீன் விற்கிறவர். புதுக்கோட்டை மார்க்கெட்டில் எடுத்து, கோட்டைப்பட்டினத்து மீன் என்று கூவிக்கொண்டு இந்தப் பக்கத்து ஊர்களுக்கு வருவார். ஐஸில் கையை விட்டு மீன் எடுத்து எடுத்து அவர் விரல் சிவந்து உப்பிக் கிடக்கும். அடுத்த மார்கழியில் ஒரு காலையில் முக்கு ரோட்டில் நான் போன் பேச நின்றபோது பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"இதானா அந்தச் சூடு வண்டி? தொட்டுப் பாக்கலாங்களா?"

அவருக்கு உதவ முடியுமா என்று அன்றைக்கே வீட்டுக்காரரிடம் கேட்டேன். அந்தப் பழைய மொபெட்டில் அதற்குக் கரண்டே கிடையாது என்றார். அதை மீன்காரரிடம் சொன்னபோது அவர் ஏமாந்த மாதிரித் தெரியவில்லை. "பரவால்லங்க" என்றார்.

அதன்பிறகு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முக்கு ரோட்டில் எங்கள் நேரம் ஒத்துவந்துவிடும். நான் வண்டியை அணைக்காமல் இறங்கிப் பெட்டியைச் சரிசெய்வேன். அவர் தன் கையை வேட்டியில் துடைத்துவிட்டு என் ஸ்கூட்டருக்கு முன்னால் வந்து, ஆக்சிலேட்டர் திரும்பிவிடாமல் இரண்டு கைப்பிடியையும் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். மழைக்குப் பிறகு நெத்திலி வரத்து குறைவு, சங்கரா பரவாயில்லை, நாளைக்கு போட் போகவில்லை என்று ஏதாவது சொல்வார். நான் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

"சரிங்க, கெளம்புங்க. ஒங்களுக்கு நேரமாச்சு" என்று அவரே கையை எடுத்துக்கொள்வார்.